தாயும் சேயும் நலம்

என் பிள்ளையைப் பார்க்க வந்த அத்தைமார்கள், சித்திமார்கள், பெரியம்மாக்கள், பக்கத்து வீட்டு அக்காக்கள், கட்டில் பக்கம் வரக் கூச்சப்பட்டு வாசலோடு நின்றுகொண்ட மாமாக்கள் எல்லோருக்கும் இந்தக் கடிதம்.

போன வாரம் தங்கைக்கு வளைகாப்பு நடந்தது. நான் புளிச்சோறு பரிமாறிக்கொண்டு வரும்போது உங்களில் யாரோ சொன்னீர்கள்: "பொறந்த சேதி வந்ததும் ஒரு வேன் பேசிக்கிட்டு எல்லாரும் போயிட்டு வந்துடுவோம்." ஆசையாகத்தான் சொன்னீர்கள். எனக்குத்தான் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. கரண்டியைச் சித்தி மகளிடம் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டேன். வேனில் ஏறுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிட்டு ஏறுங்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் விடியற்காலை ஐந்து மணி சுமாருக்கு நம் குடும்பக் குரூப்பில் என் வீட்டுக்காரர் ஒரு செய்தி போட்டார். 'பெண் குழந்தை. 2.9 கிலோ. தாயும் சேயும் நலம்.' நீங்கள் எல்லோரும் கைகூப்புகிற படமும் பூங்கொத்தும் போட்டீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. துண்டில் சுற்றிய பிள்ளையை வெளியே கொண்டுவந்து காட்டிய ஆயாம்மா அவரிடம் அப்படித்தான் சொன்னார். அவர் அந்த மூன்று வார்த்தையைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், என் தொடைக்குக் கீழே ஏதோ சூடாக ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் எனக்குச் சுகமாகக்கூட இருந்தது. பத்தொன்பது மணி நேர வலிக்குப் பிறகு, ஒரு வழியாக முடிந்தது என்று கண்ணை மூடியிருந்தேன். அப்புறம் குளிர ஆரம்பித்தது. சித்திரை மாதத்துக் குளிர்! பல் கிட்டிக்கொண்டது. "ரெண்டு பேட் நனைஞ்சிருக்கு மேடம், கொஞ்சம்தான்" என்று ஒரு குரல். "சரி, பார்த்துக்கோ" என்று இன்னொரு குரல். அதன் பிறகு இருபது நிமிஷம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். மேலே சுற்றிய ஃபேனின் ஒரு இறக்கையில் மட்டும் தூசி தடிமனாக ஒட்டியிருந்தது. அதையே எண்ணிக்கொண்டு கிடந்தேன். யாரும் ஓடவில்லை. ஓட ஆரம்பித்தபோது எல்லோரும் ஒன்றாக ஓடினார்கள்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகிறது. நஞ்சுக்கொடி பிரிந்து வந்ததும் அந்த இடத்து ரத்தக்குழாய்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். கர்ப்பப்பையின் தசைதான் முஷ்டி பிடிப்பதுபோல் இறுகி அவற்றை நெரித்து மூட வேண்டும். நெடுநேர வலியில், டிரிப்ஸ் ஏற்றி ஏற்றி வேலை வாங்கப்பட்ட என் கர்ப்பப்பை களைத்துப்போய்ப் பழந்துணி மாதிரி கிடந்தது. பிரசவத்துக்குப் பின் அரை லிட்டர் ரத்தம் போனாலே அதை உதிரப்போக்கு என்று கணக்கில் எடுக்க வேண்டும். எனக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனதாகப் பிறகு சொன்னார்கள்.

"கொஞ்சம்தான்" என்று சொன்ன அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் தப்பு அவளுடைய கண்ணில் மட்டும் இல்லை. துணியிலும் தரையிலும் போன ரத்தத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டால், அனுபவசாலிகளே குறைத்துத்தான் சொல்வார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆஸ்பத்திரிகளில் ஒரு பெரிய சோதனை செய்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். தாய்க்கு அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை வைத்து, ரத்தத்தை அளந்து, கோட்டைத் தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கியதில், கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. கோடு போட்ட ஒரு விரிப்பு. பாத்திரக் கடையில் அளவு டம்ளர் விற்கிற மாதிரி ஒரு சாமான், அவ்வளவுதான்!

இப்படிக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதைக் 'கண்ணளவு' என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் வரும்போது மறுபடியும் எடுப்பேன்.

அந்த நர்சிங் ஹோமில் ரத்தம் இல்லை. 108 வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு டாக்டரம்மா ஒரு கையை உள்ளேயும் ஒரு கையை வயிற்றுமேலும் வைத்து, கர்ப்பப்பையை நடுவில் வைத்து அழுத்திப் பிடித்தபடியே இருந்தார். அவர் நெற்றி வியர்வை என் முழங்காலில் சொட்டியது நினைவிருக்கிறது. ஊசிகள் போட்டும் நிற்காமல் போனதால், ரப்பர் குழாயின் முனையில் ஓர் ஆணுறையைக் கட்டி, உள்ளே வைத்து, சலைன் தண்ணீரை நிரப்பிப் பலூன் மாதிரி உப்பவைத்தார்கள். அது உள்ளிருந்து அழுத்தியதில்தான் ரத்தம் நின்றது. சிரிக்காதீர்கள். வெளிநாட்டுப் பலூன் வாங்க வசதியில்லாத ஆஸ்பத்திரிகளுக்காக, டாக்காவில் சையபா அக்தர் என்ற மகப்பேறு மருத்துவர் 2000ஆம் ஆண்டு வாக்கில் கண்டுபிடித்த வழி அது. குடும்பக் குரூப்பில் எழுதக் கூச்சமான சமாசாரம் என்பதால், என் உயிரைப் பிடித்து வைத்தது எது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது.

என் ரத்தம் பி நெகட்டிவ். என் வீட்டுக்காரரின் கூட்டாளி ஒருவரும், முன்பின் தெரியாத ஒரு காலேஜ் பையனும் வந்து கொடுத்தார்கள். மீதி இரண்டு யூனிட் ரத்த வங்கியில் இருந்தது. அதற்குப் பதிலாக எந்த குரூப்பாக இருந்தாலும் யாராவது கொடுங்கள் என்று கேட்டபோது, வராந்தாவில் நின்ற நம் ஆட்களில் இரண்டு பேருக்குத் திடீரென்று சுகர் வந்துவிட்டது. அதை நான் இன்னும் மறக்கவில்லை. மன்னித்துவிட்டேன், மறக்கவில்லை.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அம்மா கழுவிக் கவிழ்த்த காபி டம்ளர் கணக்குப்படி முதல் பத்து நாளில் அறுபத்திரண்டு பேர் வந்தீர்கள். ஏறக்குறைய எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "நார்மலா, ஆபரேஷனா?"

நார்மல் என்றதும் உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி. "புண்ணியம் பண்ணினவ, சுகப்பிரசவம்." உங்களைக் குறை சொல்ல முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 ஆபரேஷன், தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் எடுத்தால் 64. இந்தக் காலத்தில் வயிற்றைக் கிழிக்காமல் பெற்றவள் அதிர்ஷ்டசாலியாகத்தான் தெரிவாள். என் டிஸ்சார்ஜ் சீட்டிலும் முதல் வரியில் நார்மல் டெலிவரி என்றே இருக்கிறது. ஒன்றரை லிட்டர் அதற்கு ஐந்தாறு வரி கீழே வருகிறது. தமிழில் பிரசவத்துக்கு இரண்டு பெட்டிதான்: ஒன்று சுகம், இன்னொன்று ஆபரேஷன். எனக்கு நடந்ததைப் போட மூன்றாவது பெட்டி கிடையாது.

அடுத்த கேள்வி பாலைப் பற்றி. இங்கேதான் நான் உங்களிடம் கொஞ்சம் சண்டை போட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் எனக்குப் பால் சரியாக இறங்கவில்லை. "பத்தலையா?" என்றீர்கள். "காம்பு சரியில்ல" என்றீர்கள். ஒருவர் என்னைக் கேட்காமலே என் சேலைத் தலைப்பை விலக்கி அழுத்திப் பார்த்தார். "நாங்க எல்லாம் ஆறு பெத்து ஆறுக்கும் ரெண்டு வயசு வரைக்கும் குடுத்தோம், இந்தக் காலத்துப் பொண்ணுங்க" என்று ஒரு குரல் வாக்கியத்தை முடிக்காமலே விட்டது. இன்னொருவர் சேனை தொடுகிறேன் என்று பிள்ளை வாயில் சர்க்கரைத் தண்ணீரைத் தடவினார். அந்த அறையில் இருந்த யாருக்கும் தெரியாத விஷயம் இது: ரத்தம் நிறையப் போனாலே பால் தாமதமாக வரலாம். அளவுக்கு மீறிப் போனால், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ரத்தம் இல்லாமல் வாடி, பாலே சுரக்காமல் போவதும் உண்டு. ஷீஹன் என்ற மருத்துவர் 1937இலேயே இதை விவரித்திருக்கிறார், அவர் பெயரில்தான் அந்த நோய் வழங்குகிறது. எனக்கு நல்லவேளை அதுவரை போகவில்லை. ஆனால் பால் வராததை என் குணக்கேடு போல நீங்கள் பேசியபோது நானும் அதை நம்பினேன். ரத்தம் போனதற்கு உடம்பு அழுகிறது என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

அப்புறம் பத்தியம். எனக்கு அப்போது ரத்த அளவு 7.8, பெண்ணுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். கீரை கொடுத்தால் பிள்ளைக்கு மாந்தம், முட்டை சூடு, தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு போடும் என்று ஆளாளுக்குத் தடை போட்டீர்கள். ஒன்றரை லிட்டர் வெளியே போன உடம்புக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கணக்கு! முழுப் பழியையும் உங்கள்மேல் போடவில்லை. மாசமாக இருந்தபோது முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கொடுத்த பெட்டியில் இரும்புச்சத்து டானிக் இருந்தது. "அதைக் குடிச்சா பிள்ளை கறுத்துடும்" என்றார் ஒருவர். பி.காம். படித்த நானும் மூடியைக்கூடத் திறக்காமல் அலமாரியில் வைத்தேன். ரத்தசோகையோடு போகிற உடம்பு உதிரப்போக்கைத் தாங்காது என்று அப்போது எனக்குத் தெரியாது. பத்தியத்தில் நல்லதும் இருந்தது. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் இப்போது நினைத்தாலும் நாக்கு ஊறும்.

பெண் பிள்ளை என்பதைப் பற்றி நீங்கள் சொன்னதையெல்லாம் எழுதப் போவதில்லை. "பரவாயில்ல, அடுத்தது பையன்தான்" என்பது மட்டும் போதும். அடுத்தது என்ற வார்த்தையைக் கேட்டபோது என் தையல் இன்னும் பிரியவில்லை.

முப்பதாம் நாள் பேர் வைத்தோம். வந்தீர்கள், சாப்பிட்டீர்கள், "பிள்ளை பெத்த முகம் தெளிஞ்சுடுச்சு" என்றீர்கள். கண்ணளவு என்று சொன்னேனே, அது இதுதான். பவுடர் போட்டுப் பூ வைத்து உட்காரவைத்திருந்த ஒருத்தியைக் கண்ணால் அளந்துவிட்டுப் போனீர்கள். அந்த வாரம் முழுக்க நான் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. பிள்ளை அழுததால் அல்ல. அது தூங்கும்போதும் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். குளியலறையில் வெந்நீர் தொடையில் பட்டால் அந்தச் சூடான ஓட்டம் திரும்ப வந்துவிடும். குனிந்து தரையைப் பார்ப்பேன், சிவப்பாக இருக்கிறதா என்று. ஃபேனைப் பார்க்க முடியாமல் அதற்கு முதுகு காட்டிப் படுப்பேன். பிள்ளைமேல் பாசம் வரவில்லை. யாரோ கொடுத்து வைத்த பொருளை உடைக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிற பயம்தான் இருந்தது. அன்றைக்கே போயிருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும் என்றுகூட ஒரு நாள் தோன்றியது. அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பிழைத்து வந்தவள் நன்றியோடு இருக்க வேண்டாமா?

ஒன்றரை மாத ஊசிக்கு ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். கிராம செவிலியர் அக்கா பிள்ளைக்கு ஊசி போட்டு, அட்டையில் எழுதி, பேனாவை மூடினார். மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ தூங்குறியாம்மா?" என்றார்.

அறுபத்திரண்டு பேரில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி. அந்த மர பெஞ்சிலேயே உட்கார்ந்து, வரிசையில் இருந்த மற்றப் பெண்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த பிள்ளைக்கு அட்டை எழுத ஆரம்பித்தார். போகும்போது பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார்.

அங்கே பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். போன ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, உன்னையே நொந்துகொண்டாயா என்கிற மாதிரி எளிய கேள்விகள். கடைசியில் மட்டும் ஒரு கடினமான கேள்வி. 1987இல் ஸ்காட்லாந்தில் உருவான கேள்வித்தாள், தமிழிலும் வேலூரில் சரிபார்த்து வைத்திருக்கிறார்கள். மருத்துவரிடம், நான் மட்டும்தான் இப்படியா என்று கேட்டேன். அவர்தான் கணியம்பாடி ஆய்வைப் பற்றிச் சொன்னார். வேலூர் பக்கத்துக் கிராமங்களில் பிரசவமான பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில் நூற்றுக்குப் பதினோரு பேருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருக்கிறது. 2002இல் வெளியான ஆய்வு அது. எந்தச் சூழலில் அதிகம் வருகிறது என்பதையும் அதில் சொல்லியிருக்கிறார்கள்: வறுமை, பையனை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனத்தாங்கல், கூடமாட வேலைக்கு ஆள் இல்லாதது. இந்தப் பட்டியலில் பாதி நம் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது, அத்தை.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். பால் கொடுக்கிற தாய்க்கு ஏற்றதாகப் பார்த்துக் கொடுத்த மாத்திரை. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போய்ப் பேசினேன். "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போறாளாம்" என்று ஒரு பேச்சு ஓடியதும் தெரியும். பிள்ளை பெற்றவள் முதல் சில நாள் காரணமில்லாமல் அழுவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் தானாகத் தெளியும். தெளியாவிட்டால்தான் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் 'ஜன்னி கண்டுடுச்சு' என்கிறோமே, தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசுவது, பிள்ளையைத் தன் பிள்ளை இல்லை என்பது, அது வேறு. அதற்கு மந்திரிக்கக் கூட்டிப்போய் ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பெங்களூர் நிமான்ஸில் தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துப் பார்க்கிற வார்டு 2009 முதல் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசாங்க எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

நம் மாநிலத்தில் பிரசவத்தில் சாகிறவர்கள் குறைவு. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு 54 தாய்மார்கள், நாடு முழுக்க 97. அந்த 108 வண்டியும், ரத்த வங்கியும், முழங்காலில் வியர்வை சொட்டிய டாக்டரம்மாவும் இருந்ததால்தான் நான் அந்தக் கணக்கில் சேரவில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் வாசல்வரை போய்த் திரும்பி வந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர்கள் பெயர் 'தாயும் சேயும் நலம்' என்பதற்குள் போய்விடுகிறது.

வடக்குத் தெரு பெரியம்மா இதைப் படிக்க மாட்டார், அவருக்கு எழுத்துத் தெரியாது. யாராவது படித்துக் காட்டுங்கள். ஒன்பதாம் நாள் வந்தார். தூக்குவாளியில் எட்டு அவித்த முட்டை, உரித்தே கொண்டுவந்திருந்தார். தொட்டில் பக்கம் போகவே இல்லை. என் காலடியில் உட்கார்ந்து, வீங்கியிருந்த பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "ரொம்பப் போச்சாமே கண்ணு, பயந்துட்டியா?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அரை மணி நேரம் காலைப் பிடித்துவிட்டு, இரண்டு முட்டை சாப்பிடவைத்து, கொல்லையில் ஊறிக்கிடந்த பிள்ளைத்துணியை அலசிக் கொடியில் போட்டுவிட்டுப் போனார். பிள்ளை யார் சாயல் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது என்று நினைக்கிறேன்.

தங்கைக்குத் தை பத்தாம் தேதி வாக்கில் நாள் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கிற நேரம் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. வேனில் எல்லோரும் வராதீர்கள், இரண்டு இரண்டு பேராக வாருங்கள். வராந்தாவில் நிற்கிற மாமாக்கள் முடிந்தால் ரத்த வங்கியில் ஒரு யூனிட் கொடுத்துவிட்டு மேலே வாருங்கள். தொட்டில் ஜன்னல் ஓரமாக இருக்கும், அவள் கட்டில் கதவுப் பக்கம். முதலில் கட்டிலுக்குப் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு மூத்த பெண்